கடைசி நாள் படிவத்தில் பிள்ளைகள் எழுதாதவை

கேம்ப் முடிகிற மாலையில் பிள்ளைகள் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களை அடுக்கி வைத்துப் படித்தால், எல்லாம் ஒரே ஆள் எழுதியதாகத் தோன்றும். ‘சூப்பர்’, ‘மறக்க முடியாத அனுபவம்’, ‘இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்’. மதிப்பெண் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. குறை கேட்ட கட்டத்தில் ‘ஒன்றும் இல்லை’ அல்லது ஒரு சிரித்த முகம். பிள்ளைகள் பொய் எழுதவில்லை, அந்த நேரத்தில் மனசு நிறைந்துதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் படிவக் கட்டை வைத்துக்கொண்டு அடுத்த கேம்ப்பில் ஒரு சின்ன மாற்றம்கூடச் செய்ய முடியாது. எங்கே வலித்தது, எப்போது பயம் வந்தது, யார் பேசாமலே இருந்தார்கள், எது வீண் வேலை, எது ஊருக்குத் திரும்பிய பிறகும் கூடவே வந்தது என்று எதுவும் அதில் இருக்காது.

பழனி மலையில், கொடைக்கானலைச் சுற்றி, இளைஞர்களுக்கு மலையேற்றமும் பாறை ஏற்றமும் சொல்லித்தரும் ஒரு சிறிய குழுவோடு சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கயிறு கட்டுவதும் வழிகாட்டுவதும் மற்றவர்கள் பொறுப்பு. கேம்ப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று கேட்டுத் தெரிந்து, எதை மாற்றலாம் என்று சொல்வது என் பொறுப்பு. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 19 வயது இருக்கும். ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள் பாதி, மதுரைக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள் மீதி. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்து, ஒரு தடவை பஸ்ஸில் வந்து ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியதைத் தவிர மலையை அறியாத பிள்ளைகள் அவர்களில் நிறைய. நான்கு நாள் நிகழ்ச்சி. சோலைக்காட்டில் நடை, பாறையில் கயிறு கட்டி இறங்குதல், டென்ட்டில் இரவு, ஒரு வேளை தாங்களே சமைத்துச் சாப்பிடுவது, கடைசியில் வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக, அடிவாரத்துக் கும்பக்கரைக்கு நீண்ட இறக்கம். நாங்கள் போகும் வழியில் வண்டிப் பாதை கிடையாது, நடந்துதான் போகவேண்டும். வனத்துறை அனுமதி, கூட வரும் உள்ளூர் வழிகாட்டிகள் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிடும்.

இப்படி ஒரு நிகழ்ச்சி நன்றாக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் கற்றுக்கொண்டதை, பள்ளிகளில் சாரணர் கேம்ப் நடத்துபவர்களுக்கும் என்.எஸ்.எஸ். அலுவலர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், கடைசி மாலையில் வாங்கும் படிவத்தை ஏன் நம்பக்கூடாது என்பது. காடு, மலை என்று வகுப்பறைக்கு வெளியே நடக்கும் கல்வியை ஆராய்பவர்கள் கேம்ப் முடிவில் வரும் இந்தப் பரவசத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள். தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாடி, நாளைக்குப் பிரியப்போகிறோம் என்று தொண்டை அடைத்து நிற்கும் பிள்ளையிடம் பேப்பரை நீட்டினால் அன்புதான் எழுத்தாக வரும். நம் ஊரில் அதற்கு மேல் ஒன்று உண்டு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள், நான்கு நாள் சோறு போட்டவர்களைப் பற்றி, அவர்கள் கண்ணெதிரில், குறை எழுதமாட்டார்கள். எழுதாதது அவர்கள் பண்பு. ஒன்று முதல் ஐந்து வரை என்ற கட்டமும் அப்படியே. குறைந்த எண்ணில் வட்டமிட்டால், சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு மார்க் குறைத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

பயிற்சிகளை மதிப்பிடுவதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு படிகளைச் சொன்னார். பிடித்திருந்ததா, எதைக் கற்றார்கள், நடத்தையில் மாறியதா, அதனால் என்ன விளைந்தது. நம் கேம்ப்புகள் பெரும்பாலும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைக்கு அது போதும் என்பதால் யாரும் மேலே ஏறுவதில்லை.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு சார்ட் பேப்பர். மனித உருவத்தின் வெளிக்கோட்டை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வரைந்து, ஒவ்வொரு நாள் மாலையும் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு தட்டிக்குப் பின்னால் மாட்டிவைக்கிறோம். சிவப்பு ஸ்கெட்ச் ஒன்று கட்டித் தொங்கும். இன்றைக்கு எங்கே வலித்ததோ அங்கே ஒரு புள்ளி வை, பெயர் வேண்டாம், யாரும் நின்று பார்க்கமாட்டார்கள் என்று சொல்லிவிடுவோம். பேசத் தயங்கும் பிள்ளைகூடப் புள்ளி வைத்துவிடும். வெள்ளகெவி இறக்கம் முடிந்த அன்று கால் பெருவிரல் இரண்டும் சிவந்துபோயிருக்கும். முட்டியில் வலி வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம், பெருவிரலை யாரும் நினைக்கவில்லை. காரணம் சுலபம். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரம் வரை இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி நகம் இடிக்கிறது. அண்ணனுடைய ஷூவையோ பள்ளிக்கூட ஷூவையோ போட்டு வந்த பிள்ளைகளுக்கு மறுநாள் நகம் கறுத்துவிடும். இப்போது முதல் நாளே நகம் வெட்டச் சொல்கிறோம், இறக்கத்துக்கு முன் கணுக்காலோடு இறுக்கி லேஸ் கட்டும் முறையைக் காட்டுகிறோம், பல அளவுகளில் பழைய ஷூக்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். ‘இன்றைய நடை எப்படி இருந்தது’ என்ற கேள்விக்கு இந்தப் பதில் ஒருநாளும் வந்திருக்காது.

அதே சார்ட்டில் வேறொன்றும் தெரிந்தது. நெற்றியில் புள்ளிகள். உயரத்தால் வரும் தலைவலி என்று சொல்லிவிடலாமா என்றால், கொடைக்கானல் அதற்கான உயரமில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனிச் சார்ட், பையன்களுக்குத் தனிச் சார்ட் என்று பிரித்து மாட்டியபோது, நெற்றிப் புள்ளிகள் முக்கால்வாசி ஒரு பக்கம் போய்விட்டன. பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து, கூட இருந்த ஒரு நர்ஸ் அக்கா பேச்சை ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பெரியகுளத்துப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “அக்கா, நடக்குறப்போ நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா நடுவுல ஒதுங்கணும். முன்னாடியும் பசங்க, பின்னாடியும் பசங்க. எங்க போறது?”

காலை ஏழு மணிக்கு டீ குடித்துக் கிளம்பியவர்கள் மாலை நான்கு வரை இரண்டு மடக்கோடு நடந்திருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் வந்த ஒருத்தி அன்று பாதையில் நாப்கினே மாற்றவில்லை. இவர்கள் எல்லாருமே கடைசி நாள் படிவத்தில் ஐந்து போட்டவர்கள். ‘கழிப்பறை வசதி’ என்ற வரிக்கும் ஐந்துதான், ஏனென்றால் அந்த வரி கேம்ப் கட்டடத்துக் கழிப்பறையைக் கேட்டது, காட்டுப் பாதையைக் கேட்கவில்லை.

இது தெரிந்த பிறகு நடை முழுவதும் மாறியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அது பாதை வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். நிறுத்தத்தில் பையன்கள் முன்னால் போய் அடுத்த வளைவில் காத்திருப்பார்கள், பின்னால் ஒரு பெண் பொறுப்பாளர் நிற்பார். நீர்நிலையிலிருந்து தள்ளி, மடக்கிக் கட்டும் ஒரு தார்ப்பாய் மறைப்பு. பையில் நாப்கின், பழைய செய்தித்தாள், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கறுப்புப் பை, கை கழுவத் தண்ணீர். காலையிலேயே இதையெல்லாம் எல்லார் முன்னாலும், பையன்களும் கேட்க, சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். இப்போது நெற்றியில் புள்ளிகள் குறைந்துவிட்டன. தண்ணீர் பாட்டில்கள் காலியாகித் திரும்புகின்றன. பெண் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிற யாராக இருந்தாலும், வேறு எதைக் கேட்கிறார்களோ இல்லையோ, இதைக் கேட்கவேண்டும். கேட்காமல் எந்தப் பிள்ளையும் தானாக வந்து சொல்லாது.

அடுத்தது, பாதியில் போனவர்கள். பெரும்பாலும் கருத்துக் கணக்கில் இவர்கள் சேர்வதே இல்லை, கடைசி நாள் இருந்தவர்களிடம்தானே படிவம் போகிறது. வீட்டில் விசேஷம், காய்ச்சல், அம்மா கூப்பிட்டார் என்று காரணம் சொல்லிக் கிளம்பிய பிள்ளைகளை நான் ஊருக்குப் போய்ப் பார்ப்பேன், அல்லது ஒரு மாதம் கழித்துப் போன் செய்வேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன் பாறையில் கயிறு கட்டி இறங்கிய அன்று மாலையே பஸ் ஏறியிருந்தான். இறங்கியும் இருந்தான், எங்கள் குறிப்பேட்டில் ‘பயத்தை வென்றான்’ என்று எழுதியிருந்தது. அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம்.

“பயம் இருந்துச்சு அக்கா, அது பரவால்ல. கீழ இருந்து எல்லாரும் கைதட்டி, இறங்கு இறங்குன்னு கத்துனாங்கல்ல. வேணாம்னு சொல்ல முடியாம இறங்குனேன். இறங்கி வந்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு. எல்லாரும் சந்தோஷத்துல அழுறான்னு நெனச்சாங்க.”

அன்பாகச் செய்ததுதான் அந்தக் கைதட்டல். அதற்குள் ஒரு பையன் மாட்டிக்கொண்டான். அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய புராஜெக்ட் அட்வென்ச்சர் என்ற சாகசக் கல்வி அமைப்பில் கார்ல் ரோன்கே வளர்த்தெடுத்த ஒரு நெறி உண்டு: எவ்வளவு தூரம் போவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்வார், நிற்பதற்கும் மரியாதை உண்டு. அதைப் படித்திருந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள், இருந்தும் கைதட்டலில் அது அடிபட்டுப்போனது. இப்போது ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை) மாட்டும்போதே பிள்ளையிடம் பயிற்சியாளர் கேட்கிறார்: விளிம்பு வரையா, பாதி வரையா, முழுக்கவா? கீழே நிற்பவர்கள் சத்தம் போடவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா? பாதி என்று சொன்னவன் பாதியில் நின்று மேலே வந்தால், அவன் சொன்னதை முடித்துவிட்டான் என்றுதான் கணக்கு. பாதி என்று சொன்ன பிள்ளைகளில் பலர் தாங்களாகவே முழுக்க இறங்குகிறார்கள். இறங்காதவர்களும் மறுநாள் தலை நிமிர்ந்து இருக்கிறார்கள்.

எது பிடித்தது என்று கேட்டால் எல்லாம் பிடித்தது என்பார்கள். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும் என்று வைத்துக் கேட்டால் உண்மை வருகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சொம்பு, மேலே சீட்டு ஒட்டியிருக்கும். ஆளுக்குப் பத்து மொச்சை. அடுத்த கேம்ப்பில் எதற்கு அதிக நேரம் வேண்டுமோ அதில் அதிகம் போடு. ஒருவர் போட்ட பிறகுதான் அடுத்தவர் உள்ளே போவார். நாங்கள் அதிகம் செலவு செய்து, அதிகம் பயந்து, அதிகம் ஆட்களைப் போட்டு நடத்தும் பாறை இறக்கத்தைவிட, ஓடைக்கரையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும் மதிய நேரம் மொச்சையை அதிகம் வாங்கும். தாங்களே சமைக்கும் வேளையும் அப்படியே. விளம்பரத் தாளில் போட்டோவாக வருவது கயிறுதான், பிள்ளைகளுக்கு வேண்டியது யாரும் விரட்டாத நேரம். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், வீட்டு வேலை என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு அது வேறு எங்கே கிடைக்கும்? கயிற்றை விட்டுவிடவில்லை. ஓடைக்கரை நேரத்தை இரட்டிப்பாக்கினோம், கயிறு ஒரு காலையோடு முடிகிறது. நடத்துகிறவர்களில் சிலருக்கு இதில் இன்னமும் உடன்பாடு இல்லை, சாகசம் குறைந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘கேம்ப்புக்கு முன்’, ‘கேம்ப்புக்குப் பின்’ என்று இரண்டு படிவம் வாங்கி ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘ஒரு குழுவை வழிநடத்த என்னால் முடியும்’ என்ற வரிக்கு முதல் நாள் நான்கு போட்ட பிள்ளை, கடைசி நாள் மூன்று போடும். கேம்ப் அவளைக் கீழே தள்ளிவிட்டதா என்றால் இல்லை. பனிமூட்டத்தில் பிரிவுப் பாதையில் நின்று, எட்டுப் பேர் எட்டு யோசனை சொல்ல, யாரும் மனம் நோகாமல் ஒரு முடிவு எடுப்பது என்னவென்று இப்போதுதான் அவளுக்குத் தெரியும். அளவுகோலே மாறிவிட்டது. 1979-ல் ஹோவர்டும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இந்தச் சிக்கலை விளக்கி ஒரு வழியும் சொன்னார்கள்: பயிற்சி முடிந்த பிறகு, ‘இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், வரும்போது நீ எங்கே இருந்தாய்? இப்போது எங்கே?’ என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பது. நாங்கள் அதைத்தான் கேட்கிறோம். அதிலும் நம்பிக்கை, தலைமை, ஒழுக்கம் என்ற பெரிய குணங்களைக் கேட்பதைவிடச் செயலைக் கேட்பது நல்லது. ‘உன்னைவிட மெதுவாக நடந்தவரோடு இன்று எப்போது சேர்ந்து நடந்தாய்?’ என்று கேட்டால், பிள்ளை யோசித்து ஒரு வளைவையும் ஒரு பெயரையும் சொல்லும். ‘உனக்குக் குழு மனப்பான்மை வளர்ந்ததா?’ என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும்தான் சொல்லும்.

நாள் கழித்துக் கேட்பதற்கு வருகிறேன். 1997-ல் ஜான் ஹாட்டி, மார்ஷ், நீல், ரிச்சர்ட்ஸ் நால்வரும் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முடிவு நாளில் சராசரி விளைவின் அளவு (பயிற்சியால் எவ்வளவு மாற்றம் என்று காட்டும் புள்ளியியல் எண்) 0.34, பிறகு நாள் கழித்து அளந்தபோது அதற்கு மேலும் 0.17 கூடியிருந்தது. பள்ளிக்கூடப் பயிற்சிகளின் பலன் நாளாக நாளாகத் தேய்வதுதான் வழக்கம், இங்கே அது கூடியிருக்கிறது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பெரிய வித்தியாசம் இருந்ததையும் அவர்களே சொன்னார்கள். அதனால் அந்தச் சராசரியை எடுத்து நம் கேம்ப்புக்கு ஒட்டிக்கொள்ள முடியாது, நாமே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அப்பா போன், பதிலை வீடே படிக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்ன யோசனை கைகொடுத்தது. கிளம்பும்போது எங்கள் முகவரி எழுதிய இரண்டு இன்லேண்ட் லெட்டர் ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுக்கிறோம். ஒன்றை ஒரு மாதத்தில், மற்றதை அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு. விலை 2 ரூபாய் 50 காசு, மடித்து ஒட்டிவிட்டால் வேறு யாரும் படிக்க முடியாது. பெயர் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே இரண்டே கேள்வி: மலையில் கற்ற எதையாவது இங்கே செய்தாயா, எங்கே, எப்படி? மலையில் நடந்ததில் இன்னும் மனசை உறுத்துவது ஏதாவது இருக்கிறதா?

எல்லாரும் போடுவதில்லை. வருகிற கடிதங்களில் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது. வீட்டில் முதன்முறையாகத் தான் சாம்பார் வைத்ததை ஒரு பையன் எழுதியிருந்தான். பள்ளிக்கு வெளியே யாரோ ஒருவனைக் கேலி செய்தபோது பக்கத்தில் போய் நின்றதாக இன்னொருவன். இரண்டாவது கேள்விக்கு, ராத்திரி டென்ட்டில் தன் ஊர்ப் பேச்சை மற்றவர்கள் பேசிக்காட்டிச் சிரித்ததை ஒருத்தி எழுதினாள். அதில் சாதியும் கலந்திருந்தது. கேம்ப்பில் அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் எழுத முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு டென்ட் ஒதுக்குவது, முதல் இரவு பேசும் விதிகள், இரவில் யார் எங்கே படுப்பது என்று மூன்றையும் மாற்றினோம்.

பாதுகாப்புக்குத் தனிச் சீட்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். குரங்கணிக்குக் கீழே இருக்கும் போடி எங்களுக்குப் பக்கத்து ஊர், அந்த நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. விதி ஒரு பக்கம், ஆபத்து எங்கே மயிரிழையில் தப்பியது என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு மாலையும் ஒரே ஒரு கேள்வி: இன்றைக்கு எந்த இடத்தில் ‘நல்லவேளை’ என்று மனசுக்குள் சொன்னாய்? யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லாத கேள்வி என்பதால் பிள்ளைகள் தாராளமாக எழுதுகிறார்கள். பைன் மரத்தடியில் காய்ந்த ஊசியிலை மேல் கால் வழுக்கியது. விடியற்காலையில் பல் துலக்கப் போனபோது கழிப்பறைக்குப் பக்கத்தில் காட்டுமாடு நின்றது. பிரிவுப் பாதையில் முன்னால் போனவர்கள் நிற்காமல் போய்விட்டதால், கடைசியாக வந்த இரண்டு பேர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றது. மூன்றாவதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. இப்போது ஒவ்வொரு பிரிவிலும், கடைசி ஆள் வந்து சேரும் வரை யாரும் நகரக்கூடாது. இருட்டில் கழிப்பறைக்கு மூன்று பேராகத்தான் போகவேண்டும், டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்த பிறகு. சீட்டுகளை அன்றிரவே படிப்பது முக்கியம். கேம்ப் முடிந்து படித்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பிள்ளைகள் மட்டும்தான் பதில் வைத்திருக்கிறார்கள் என்றும் இல்லை. சமையல் பார்க்கும் அண்ணனுக்குத் திரும்பி வரும் பாத்திரத்தில் எல்லாம் தெரியும். காலை ரவா உப்புமா பாதிக்கு மேல் மிஞ்சுகிறது, எலுமிச்சைச் சாதம் மிஞ்சுவதில்லை என்று அவர் சொன்ன பிறகு, நடை நாளில் காலையிலேயே கட்டுச்சாதம் ஆனது. இந்த மலையின் பழங்குடியினரான பளியர் வழிகாட்டிகள் யார் யாரோடு நடந்தார்கள் என்று கவனித்திருப்பார்கள். எங்களிடம் பேசாத பிள்ளை அவர்களிடம் மரத்தின் பெயர் கேட்டிருக்கும். வெள்ளகெவியில் ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. எங்கள் பிள்ளைகளும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள், அதை ஊர்க்காரர்கள் பாராட்டினார்கள். ஆனால் ஒரு பாட்டி, “கோயிலுக்கு முன்னால அந்தப் பாட்டுப் பொட்டியப் போட்டுச் சத்தமா வச்சிட்டாங்கப்பா” என்றார். ஸ்பீக்கர் இப்போது கேம்ப்புக்கு வரக்கூடாத பொருட்களில் ஒன்று.

பிள்ளைகள் பெட்டியில் போடும் மாலைச் சீட்டுகளில் ஒருநாள் கனமான ஒன்று வரலாம், அதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும். வீட்டிலோ பள்ளியிலோ கேம்ப்பிலோ யாரோ தன்னைத் தவறாகத் தொட்டதை ஒரு பிள்ளை எழுதினால், அது கருத்துப் படிவம் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்டவர் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆகவேண்டும். அதனால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம்: நீ எழுதுவதை வெளியே சொல்லமாட்டோம், ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி கேட்டுச் சொல்லுவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சாப்பாட்டுக் கொட்டகையில் பெரிதாக எழுதியிருக்கும். பெட்டியைத் திறப்பவர்கள் இரண்டு பேர், ஒருவர் கேம்ப் குழுவில் சம்பளம் வாங்காதவர். இது இல்லாமல் பிள்ளைகளிடம் மனம் திறந்து எழுதச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். முதல் நாள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்போம். போன கேம்ப்பில் பிள்ளைகள் சொன்னது என்ன, அதற்கு நாங்கள் செய்தது என்ன, செய்ய முடியாதது எது, ஏன். இரவு நடை வேண்டும் என்று கேட்கிறார்கள், காட்டில் அதற்கு அனுமதி இல்லை என்று காரணத்தோடு எழுதியிருக்கிறோம். ஏரிக்கரையில் குதிரை ஏற்றிவிடுங்கள் என்ற கோரிக்கையும் அதில் உண்டு, பணமில்லை என்று பதிலும் உண்டு. இந்தத் தாள் வந்த பிறகு படிவங்களில் ‘ஒன்றும் இல்லை’ குறைந்துவிட்டது.

இந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான், முன்பு கேம்ப்புக்கு வந்து இப்போது கல்லூரியில் படிக்கிற சிலர் என்னிடம் வந்தார்கள். “அக்கா, நீங்க கேட்டா அவங்க உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்வாங்க. நாங்க கேக்குறோம்” என்றார்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள் உட்கார்ந்தோம். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் பாதியை அடித்துவிட்டு, அவர்கள் சேர்த்த ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை: ‘யாரோட சேர்ந்து நடக்கப் பிடிக்கல? பேர் வேண்டாம், ஏன்னு மட்டும் சொல்லு.’ கேட்கும்போது கேம்ப் பொறுப்பாளர் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்றும், அவர்கள் தொகுத்த பிறகுதான் நாங்கள் படிக்கவேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் உடனே எங்களிடம் வரவேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்ததும் நடக்கும் கேம்ப்பில் அவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.